பீங்கானா, கண்ணாடியா, பாலிமரா? மின்தடத்து இன்சுலேட்டர்கள் பற்றி ஓர் ஆய்வு

ஊர்விட்டு ஊர் மின்சாரம் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு மேலுறை கிடையாது. 400 கிலோவோல்ட் (இனி கே.வி.) அழுத்தத்தில் இருக்கும் அலுமினியக் கம்பி வெறுமனேதான் காற்றில் தொங்குகிறது. சுற்றியுள்ள காற்றே அதற்குக் காப்பு. அது காசில்லாமல் கிடைக்கிறது. ஒருமுறை பொறி பாய்ந்து போனாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் கம்பியைக் கோபுரத்தில் கட்டித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் காற்றை நம்ப முடியாது. கம்பியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே மின்சாரம் கோபுரத்துக்குள் இறங்காமல் தடுக்க ஒரு திடப்பொருள் வேண்டும். அதுதான் இன்சுலேட்டர். மின்தடத்தின் மொத்தச் செலவில் அதன் பங்கு சிறியது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் ஒரே ஒரு சரம் தோற்றாலும் தடம் முழுவதும் நின்றுவிடும்.

இந்த வேலைக்கு இன்று மூன்று பொருள்கள் போட்டியிடுகின்றன: பீங்கான், கண்ணாடி, பாலிமர். எது சிறந்தது என்ற விவாதம் ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. ஒவ்வொன்றையும் ஆதரிப்பவர்கள் தத்தம் பொருளின் வலிமையைச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அவற்றின் தோல்விகளை வைத்து அந்த விவாதத்தை மதிப்பிடுகிறது. மூன்றும் தோற்கக்கூடியவை, தோற்கும் விதம்தான் வேறு. தோல்வி வெளியே தெரிகிறதா, தெரிந்தால் அதைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பவையே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

தந்தியிலிருந்து தொங்கும் சரம் வரை

மின்தடத்துக்கு முன்பே இன்சுலேட்டர் வந்துவிட்டது. 1840களில் தந்திக் கம்பிகளை மரக்கம்பத்தில் கட்டியபோது, மழையில் நனைந்த மரம் வழியாகச் செய்தி மண்ணுக்குள் கசிந்தது. அதைத் தடுக்கக் கண்ணாடிக் குமிழ்களும் பீங்கான் மணிகளும் வந்தன. தொடக்கத்தில் குமிழை முளையில் சும்மா செருகி வைத்தார்கள். காற்றில் அது கழன்று விழுந்தது. 1865இல் அமெரிக்காவில் லூயி கோவே உள்பக்கத்தில் திருகுமரை வைத்த இன்சுலேட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் 11 கே.வி. கம்பங்களில் முளைமேல் உட்கார்ந்திருக்கும் பின் இன்சுலேட்டர் அந்த வழியில் வந்ததுதான்.

1891இல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கி.மீ. தூரம் மும்முனை மின்சாரத்தை 15,000 வோல்ட் அழுத்தத்தில் கொண்டுபோனார்கள். அந்தத் தடத்தின் பீங்கான்களில் எண்ணெய் நிரப்பிய குழிவிளிம்பு இருந்தது. ஈரம் பீங்கானின் மேல் தொடர்ச்சியாகப் படர்ந்துவிடாமல் எண்ணெய் இடையில் நின்று தடுக்கும் என்பது கணக்கு. மேற்பரப்பில் படரும் ஈரமே எதிரி என்பதைப் பொறியாளர்கள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் 1902இல் சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் சுமார் 147 கி.மீ. பயணம் செய்து, தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக வேலை செய்த கோலார் தங்கவயலை அடைந்தது.

அழுத்தம் 60 கே.வி.யைத் தாண்டியதும் பின் இன்சுலேட்டர் திணறியது. அழுத்தம் ஏற ஏறப் பீங்கான் பெருத்து, கனத்து, விலையும் கூடிக்கொண்டே போனது. தீர்வு 1907இல் வந்தது. அமெரிக்கப் பொறியாளர்கள் எட்வர்ட் ஹியூலெட், ஹரால்ட் பக் இருவரும் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டுத் தொங்கவிட்டார்கள். சிறு பீங்கான் தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துச் சரமாக்கினார்கள். அழுத்தம் கூடினால் தட்டுகளைக் கூட்டினால் போதும். அடுத்த ஆண்டே மிச்சிகன் மாநிலத்தில் 110 கே.வி. தடம் ஓடத் தொடங்கியது. தலையில் இரும்புத் தொப்பி, அடியில் இரும்பு முளை, நடுவில் பீங்கான் என்ற அமைப்பில் வரும் தட்டைத்தான் நம் கம்பியாளர்கள் ‘டிஸ்க்’ என்கிறார்கள். சுமார் 255 மி.மீ. விட்டமும் 145 மி.மீ. உயரமும் கொண்ட அந்த டிஸ்க் இன்று உலகப் பொது அளவு. இந்தியாவில் 400 கே.வி. சரத்தில் 23 டிஸ்க்குகள் வரை கோக்கிறார்கள்.

தடிமனா, மேற்பரப்பா?

நல்ல பீங்கான் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 60 கே.வி. தாங்கும். கண்ணாடி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தாங்கும். தமிழ்நாட்டில் மாவட்டங்களை இணைக்கும் 110 கே.வி. தடத்தில் கம்பிக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள அழுத்தம் 63.5 கே.வி.தான். தடிமன் மட்டுமே கணக்கு என்றால் ஓரிரு சென்டிமீட்டர் பீங்கான் போதும். ஆனால் அந்தக் கோபுரத்தில் தொங்கும் சரத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மிச்சமெல்லாம் வெளியில் படியும் அழுக்குக்கும் ஈரத்துக்கும் கொடுக்கும் விலை.

அழுக்கு எப்படி வேலை செய்கிறது? கடற்கரையில் உப்பு, அனல்மின் நிலையத்தருகே சாம்பல், சிமென்ட் ஆலையருகே தூள், வயல்வெளியில் உரத்தூசி என்று இடத்துக்கு ஒன்றாக மேற்பரப்பில் படிகிறது. உலர்ந்திருக்கும்வரை பெரும்பாலும் பாதகமில்லை. பனியோ தூறலோ பட்டதும் உப்பு கரைந்து, டிஸ்க்கின்மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் உருவாகிறது. அதில் சில மில்லியாம்பியர் கசிகிறது. கசிவு சூட்டைக் கிளப்புகிறது. மின்னோட்டம் நெருக்கியடிக்கும் முளைப்பகுதியில் படலம் முதலில் காய்ந்து, வளையம்போல ஓர் உலர்பட்டை உண்டாகிறது. டிஸ்க்கின் அழுத்தம் முழுவதும் அந்தக் குறுகிய பட்டையின்மேல் விழ, அதைத் தாண்டிப் பொறி பாய்கிறது. ஈரமான அதிகாலையில் கோபுரத்தடியில் கேட்கும் ‘சரசர’ ஒலியில் பெரும்பங்கு இந்தப் பொறிகளுடையது. பல டிஸ்க்குகளின் பொறிகள் நீண்டு ஒன்றோடொன்று கைகோத்தால் சரம் முழுவதன் மேலாகவும் மின்வில் பாய்கிறது. இதுதான் ஃப்ளாஷ்ஓவர். துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழுகிறது, ஊர் இருளுகிறது.

கோடை முடிந்து முதல் தூறல் விழும்போது மின்சாரம் போவதும், அடைமழையில் அதே தடம் அசையாமல் நிற்பதும் இதனால்தான். பலத்த மழை அழுக்கைக் கழுவிவிடும். தூறலும் மூடுபனியும் கழுவாமல் நனைக்க மட்டும் செய்யும்.

ஆகவே இன்சுலேட்டரை அளக்கும் முதன்மை அளவு கசிவுப் பாதை. டிஸ்க்கின் ஏற்ற இறக்கங்களை ஒட்டி, மேற்பரப்பின் வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள்ள தூரம் அது. அடிப்புறத்தில் உள்ள வளைய மடிப்புகள் இதை நீட்டத்தான். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1986இல் வெளியிட்ட 60815ஆம் எண் வழிகாட்டி, மாசின் அளவைப் பொறுத்து ஒரு கே.வி.க்கு 16, 20, 25, 31 மி.மீ. என நான்கு படிகளை வைத்தது. 2008இல் அதைத் திருத்தி, கம்பிக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை அடிப்படையாக்கி, படிகளை ஐந்தாக்கினார்கள். பழைய அளவை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 110 கே.வி. தடத்தின் உச்ச அழுத்தம் 123 கே.வி.; சாதாரண டிஸ்க்கின் கசிவுப் பாதை சுமார் 300 மி.மீ. மாசு குறைந்த உள்நாட்டில் 7 டிஸ்க் போதும். ஆலைப் பகுதிக்கு 11 வேண்டும். கடலோரத்தில் 13 ஆகிவிடும். சரம் நீண்டால் கோபுரத்தின் கையும் நீள வேண்டும். அடிப்புற மடிப்பை ஆழமாக்கி 430 மி.மீ. அளவுக்குக் கசிவுப் பாதை தரும் ‘ஆன்டி-ஃபாக்’ டிஸ்க் அந்த 13ஐ 9 ஆக்குகிறது. ஆனால் ஆழமான மடிப்புக்குள் படியும் தூசியை மழையும் எளிதில் கழுவாது. தூசிக்காற்று வீசும் வறண்ட நிலத்தில் அடிப்பக்கம் வழவழப்பான தட்டை டிஸ்க்தான் பொருந்தும். ஒரு நிலத்துக்கு மருந்தாகும் வடிவம் இன்னொரு நிலத்துக்கு நோய்.

பீங்கான்: உள்ளே உடையும், வெளியே தெரியாது

கயோலின் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்து, வடித்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டுச் செய்வது மின்பீங்கான். அதிக வலிமை வேண்டுமென்றால் குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினா சேர்ப்பார்கள். மேலே பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கிளேஸ். வெயில், மழை, பொறி, ரசாயனம் எதற்கும் பீங்கான் அசைவதில்லை. ஐம்பது ஆண்டு கடந்த சரங்கள் இன்னும் வேலை செய்கின்றன. இந்தியாவின் மின்தடங்கள் பெரும்பாலும் பீங்கானில்தான் எழுந்தன. பெங்களூரின் அரசுப் பீங்கான் ஆலை பின்னர் பி.எச்.இ.எல். நிறுவனத்தோடு இணைந்தது, சென்னை போரூரில் டபிள்யூ. எஸ். நிறுவனம் பல பத்தாண்டுகள் இன்சுலேட்டர் செய்தது.

பீங்கானின் குறை அதன் தலைக்குள் இருக்கிறது. இரும்புத் தொப்பி, சிமென்ட், பீங்கான், சிமென்ட், இரும்பு முளை என அடுக்கடுக்காக அமைந்த இடம் அது. ஒவ்வொன்றும் வெயிலில் ஒவ்வொரு அளவில் விரியும். சிமென்ட் ஈரத்தைக் குடித்து ஆண்டுக்கணக்கில் மெல்ல உப்பும். இதனால் தொப்பிக்குள்ளே மயிரிழை விரிசல் விழுந்து மின்சாரம் உள்வழியாகத் துளைத்துப் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிஸ்க் புதுசுபோலவே இருக்கும். சரத்தில் தொங்கிக்கொண்டே அது எந்த அழுத்தத்தையும் ஏற்காமல் தன் பங்கை மற்றவற்றின் தலையில் ஏற்றிவிடும்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. சரத்தின்மேல் ஃப்ளாஷ்ஓவர் நிகழும்போது பழுதான டிஸ்க்கில் பெருமின்னோட்டம் தலைக்குள்ளேயே பாயும்; அந்தச் சூட்டில் தொப்பி வெடித்துக் கம்பி தரையில் விழலாம். மற்றொன்று, மின்சாரத்தை நிறுத்தாமல் பழுதுபார்க்கும் ஹாட்லைன் பணியாளரின் உயிர். ஏறுவதற்கு முன் சரத்தில் நல்ல டிஸ்க் எத்தனை என்று ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பது அந்த வேலையின் முதல் விதி. ஜெர்மனியில் வளர்ந்த நீள்கம்பு பீங்கான் இன்சுலேட்டர் இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது. நீண்ட கம்பின் இரு முனைகளில் மட்டும் இரும்பு இருப்பதால் அதன் உள்வழியாக மின்சாரம் துளைக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கம்பு முறிந்தால் மாற்றுத் தாங்கல் கிடையாது என்பதால் இரட்டைச் சரமாகப் போட வேண்டியிருக்கிறது.

கிராமத்து 11 கே.வி. கம்பத்திலும் இதே கதைதான். பின் இன்சுலேட்டரில் விரிசல் விழுந்தால் கசிவு கம்பம் வழியாக இறங்கும். தரையில் நிற்பவருக்கு விரிசல் தெரியாது; ஈரமான கம்பத்தைத் தொடும் மாட்டுக்கோ மனிதருக்கோதான் முதலில் தெரியும். கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியின் நடுவில் முட்டைவடிவப் பீங்கானைக் கட்டுவது அந்தக் கசிவு தரைமட்டம்வரை வராமலிருக்கவே. முளை ஆழமாக உள்ளே நுழையாத போஸ்ட் இன்சுலேட்டரைப் பின் இன்சுலேட்டரின் இடத்தில் வைத்தால் உள்துளைப்பு பெரும்பாலும் ஒழியும்.

கண்ணாடி: உடைந்தால் ஊருக்கே தெரியும்

சூடான கண்ணாடியின் வெளிப்பரப்பைக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தால், தோல் இறுகி உள்ளே இழுவிசை தங்கிவிடும். இப்படிப் பதப்படுத்திய கண்ணாடிக்கு அரைகுறை நிலை என்பதே இல்லை. முழுதாக இருக்கும், இல்லையென்றால் மொத்தமாகத் தூளாகும். தூளானாலும் தொப்பிக்கும் முளைக்கும் நடுவில் நெருக்குண்ட கண்ணாடித் துகள்கள் கம்பியின் பாரத்தைத் தொடர்ந்து தாங்கும், கம்பி விழாது. தடத்தோடு நடந்துபோகும் ஆள் அண்ணாந்து பார்த்தாலே எந்தக் கோபுரத்தில் எத்தனை டிஸ்க் போயிற்று என்று எண்ணிவிடலாம். கருவி வேண்டாம், மேலே ஏற வேண்டாம்.

குறைகளும் உண்டு. கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் தங்கியிருந்தால் வெளிக்காரணம் இல்லாமலே வெடிக்கும்; ஆலையிலேயே சூடும் குளிருமாகக் கொடுத்துச் சோதித்து அப்படிப்பட்டவற்றைக் கழிக்கிறார்கள். கடுமையான மாசில் தொடரும் பொறி கண்ணாடியின் தோலை அரித்தால் அது சிதறிவிடும். எல்லாவற்றையும்விட, பளபளக்கும் கண்ணாடியைக் கண்டால் கல்லெறியக் கை துறுதுறுக்கும்.

பாலிமர்: நீரை விரட்டும், ரகசியமாய் முதுமையடையும்

மூன்றாவது வகை 1960களின் பிற்பகுதியில் தலைகாட்டியது. நடுவில் கண்ணாடியிழைக் கம்பு, இரு முனைகளில் உலோகம், மேலே ரப்பர் உறையும் குடைவிளிம்புகளும். உயர் அழுத்தச் சரத்தில் இதன் எடை பீங்கானில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மலைமேல் தோளில் சுமந்து போகலாம். கல்லடிக்கு உடையாது.

முதல் தலைமுறை தடுமாறியது. எபாக்சியும் சில ரப்பர்களும் வெயிலின் புற ஊதாக் கதிரில் வெளிறி, மேற்பரப்பில் கரிக்கோடு விழுந்து, விளிம்பு கிழிந்தன. நிலைத்து நின்றது சிலிகான் ரப்பர். அதன்மேல் விழும் நீர் தாமரை இலைத் தண்ணீராய்த் துளித்துளியாக உருண்டு நிற்கும். தொடர்ச்சியான படலம் உருவாகாததால் கசிவு மின்னோட்டம் தொடங்குவதே அரிது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே அழுக்கு படிந்தால், ரப்பருக்குள் இருக்கும் சிறிய சிலிகான் மூலக்கூறுகள் அழுக்குக்குள் ஊறி ஏறி, அழுக்கையே நீர் ஒட்டாததாக்கிவிடுகின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடி கலந்தால் பொறியின் சூட்டையும் தாங்கும்.

வட இந்தியாவின் குளிர்காலம் இந்தக் குணத்துக்குப் பெரிய களமாயிற்று. கங்கைச் சமவெளியில் ஆலைப்புகை, செங்கல்சூளை, வயல்தூசி எல்லாம் டிசம்பர், ஜனவரி மூடுபனியோடு சேர்ந்தபோது, ஒரே இரவில் பல 400 கே.வி. தடங்கள் அடுத்தடுத்து விழுந்தன. பவர்கிரிட் நிறுவனம் மாசு மிகுந்த பகுதிகளில் பீங்கான் சரங்களைக் கழற்றிப் பாலிமர் போட்டது. ஹெலிகாப்டரிலிருந்து நீர் பீய்ச்சி இன்சுலேட்டர் கழுவும் முறையையும் கொண்டுவந்தது. மாசோடு மூடுபனி சேரும் இடத்தில் பாலிமரின் பலன் ஐயத்துக்கு இடமற்றது.

ஆனால் ரப்பர் முதுமையடையும் பொருள். நாட்கணக்கில் ஈரம் விடாத கடலோரத்தில் நீர்விலக்கும் தன்மை மறைந்து, மீள நேரமில்லாமல் போகலாம். உறையில் கீறல் விழுந்தோ, உலோகமுனையின் மூடல் விலகியோ ஈரம் கம்பை எட்டினால் ஆபத்து பெரிது. உலோகமுனையைச் சுற்றிய காற்றில் எழும் கொரோனா மின்கசிவு அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈரத்தோடு சேர்த்து அமிலமாக்குகிறது. அமிலம் கண்ணாடியிழையை அரிக்கிறது. ஒருநாள் கம்பு, தாங்கவேண்டிய பாரத்தில் ஒரு பகுதிக்கே, கத்தியால் வெட்டியதுபோல முறிந்து கம்பி விழுகிறது. போரான் இல்லாத, அமிலம் தாங்கும் கண்ணாடியிழை வந்தபின் இது வெகுவாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் காக்கட்டூ கிளிகள் ரப்பரைக் கொறித்துக் கம்பை வெளியே காட்டிய சங்கதியும் உண்டு. உறைக்குள் நேரும் அமில அரிப்பைத் தரையிலிருந்து கண்டறிவது பீங்கானின் விரிசலைக் கண்டறிவதைவிடவும் கடினம்.

நேர்மின் தடங்கள்

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு ±800 கே.வி.யில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் தடத்தின் நீளம் 1,700 கி.மீ.க்கு மேல். வயலும் காடும் ஆலையும் கடந்து வரும் இத்தகைய தடத்தில் மாசுச் சிக்கல் இரட்டிப்பாகிறது. நேர்மின்சாரத்தின் மாறாத மின்புலம் காற்றில் மிதக்கும் தூசியை இன்சுலேட்டரை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கசிவு எப்போதும் ஒரே திசையில் பாய்வதால் முளையின் இரும்பு மின்பகுப்பால் அரிக்கப்படுகிறது. அதற்குப் பலியாகவென்றே முளையில் துத்தநாக வளையம் பொருத்துகிறார்கள். கண்ணாடி டிஸ்க் என்றால், சோடியம் அயனிகள் நகர்ந்து அதைப் பலவீனமாக்காதபடி மின்தடை மிகுந்த தனிக்கலவையில் செய்ய வேண்டும்.

பார்ப்பது எப்படி, பார்ப்பவர் யார்?

சோதனைக் கருவிகள் பெருகியிருக்கின்றன. வெப்பக் கேமரா சூடான முனைகளையும் பழுதான டிஸ்க்குகளையும் காட்டும். புற ஊதாக் கேமரா பட்டப்பகலிலும் கொரோனாவைக் காட்டும். ட்ரோன் கோபுரத்தின் மூக்கருகே போய்ப் படமெடுக்கும். பாலிமரின்மேல் நீர் தெளித்து, துளி நிற்கும் அழகைப் பார்த்து ஏழு படிகளில் மதிப்பிடும் முறையை ஸ்வீடனின் எஸ்.டி.ஆர்.ஐ. ஆய்வகம் வகுத்திருக்கிறது. டிஸ்க்கின் அழுக்கைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அதன் மின்கடத்தும் திறனை வைத்துச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்கிடுவது பழைய, நம்பகமான வழி.

இவையெல்லாம் 400 கே.வி. தடங்களுக்குத்தான் கிடைக்கின்றன. 11 கே.வி. கம்பங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றுக்குக் கேமராவும் இல்லை, கழுவும் வண்டியும் இல்லை. அங்கே சோதனைக் கருவி கம்பியாளரின் கண்தான். இன்சுலேட்டர் வாங்கும் டெண்டரோ எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறது: மின்தாங்கு திறன், இழுவைத் திறன், கசிவுப் பாதை, விலை. பழுது எப்படித் தெரியும் என்பதற்கு அதில் வரி இல்லை.

இந்த அளவுகோலை வைத்தால் பழைய விவாதத்துக்கு இடத்துக்கு இடம் விடை கிடைக்கிறது. ஆளில்லாக் காட்டையும் மலையையும் கடக்கும், மாசு குறைந்த நீண்ட தடத்துக்கு, அண்ணாந்து பார்த்தாலே பழுதைக் காட்டும் கண்ணாடி பொருத்தம். பனியும் ஆலைமாசும் சேரும் இடத்துக்கு சிலிகான் ரப்பர். ஆனால் கேமரா சோதனைக்கும், குறித்த காலத்தில் சிலவற்றைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கும் பணம் ஒதுக்கியபின்பே அதை வாங்க வேண்டும். கடற்காற்று, உப்பளம், அனல்மின் சாம்பல் மூன்றும் கூடும் தூத்துக்குடி போன்ற கரைகளில் எந்தப் பொருளும் தனியாக வெல்லாது. நீண்ட கசிவுப் பாதை, பீங்கான்மேல் சிலிகான் பூச்சு, கழுவும் அட்டவணை மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும். சிமென்ட் தூள் ஈரத்தில் இறுகிக் கல்லாகும் அரியலூர்ப் பக்கத்தில் நீர் பீய்ச்சினாலும் போகாது. சுரண்டித் துடைக்க ஆள் வேண்டும். கிராமத்து 11 கே.வி. கம்பத்துக்கு உள்துளைப்பு இல்லாத போஸ்ட் இன்சுலேட்டர். சற்று விலை கூடினாலும் அங்கே மிச்சமாவது உயிர்.

மூன்று பொருள்களும் இன்று ஆய்வகச் சோதனையில் தேறுகின்றன. தடத்தில் தொங்கும்போது அவற்றைப் பிரிப்பது பராமரிப்பு. எந்த இன்சுலேட்டர் வாங்கலாம் என்று கேட்கும் மின்வாரியம், அதற்கு முன் இன்னொரு கேள்விக்கு விடை எழுதி வைக்க வேண்டும்: இது பழுதானால் முதலில் யாருக்குத் தெரியும்? அந்த விடை ‘தடத்தைப் பார்க்கப் போகும் கம்பியாளருக்கு’ என்று இருந்தால் மூன்றில் எதையும் வாங்கலாம். ‘கம்பி விழுந்த வயலின் சொந்தக்காரருக்கு’ என்று இருந்தால் மூன்றில் எதை வாங்கினாலும் தவறுதான்.